பில்லை ஓரம் உதிர்ந்தால் பசையைக் கூட்டாதீர்கள்

போன வாரம் கீழக்கரையிலிருந்து ஒரு தம்பி போன் செய்தார். ஹீட்டர் கம்பியில் கோக்கும் மணிகளை, அலுமினா என்ற அலுமினியம் ஆக்சைடு பவுடரில் பசை கலந்து, டை என்னும் இரும்பு அச்சில் போட்டுச் சின்ன ஹைட்ராலிக் பிரஸ்ஸில் அழுத்துகிறார். அப்படி அழுத்தி எடுத்ததைத்தான் பில்லை என்கிறேன். "அண்ணே, பசையை ஒன்றரையிலேர்ந்து மூணு சதவீதமாக்கிட்டேன், இன்னும் ஓரம் உதிருது, டையை விட்டு வெளியே வரும்போதே மேல்தட்டு மூடி மாதிரி கழண்டு வருது" என்றார். நான் கேட்டது ஒரே கேள்வி: எத்தனை மணிக்கு அழுத்தினீர்கள்? மத்தியானம், வறண்ட கச்சான் காற்று அடிக்கும் நேரத்தில், மூன்று நாள் வெயிலில் காய்ந்த பவுடரை எடுத்து அழுத்தியிருக்கிறார். பாதிப் பதில் அங்கேயே கிடைத்துவிட்டது. மீதியை அவருக்கும், இதே தொல்லையில் இருக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

உச்சிப்புளிப் பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் இதே வேலையைப் பல வருஷமாகச் செய்கிறேன். நான் சொல்ல வருவது இதுதான்: சுடாத பில்லைக்குப் பலம் தருவது பசையின் அளவு மட்டும் இல்லை, அழுத்தும் நேரத்தில் அந்தப் பசை எந்தப் பதத்தில் இருக்கிறது என்பதுதான் பெரிது. அழுத்தும்போது இளக்கமாக இருக்க வேண்டும், வெளியே வந்து காய்ந்த பிறகு விறைப்பாக இருக்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்று தவறினாலும் பசையை எவ்வளவு கொட்டினாலும் பில்லை நிற்காது.

முதலில், பசை ஏன் வேண்டும்? மானாமதுரைக் குயவர் கடத்துக்கு மண் பிசையும்போது தனியாகப் பசை எதுவும் சேர்ப்பதில்லை, களிமண்ணே பசை. அதன் துகள் தட்டுத் தட்டாக, மிக நுணுக்கமாக இருக்கும், ஈரம் பட்டால் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிப் படியும், காய்ந்தால் பிடித்துக்கொள்ளும். அலுமினாவுக்கு அந்தக் குணம் கிடையாது. கடினமான, கோணல்மாணலான துகள். டையில் போட்டு அழுத்தினால் துகள்கள் ஒன்றோடொன்று உரசிச் சிக்கிக்கொள்வதால் ஒரு வடிவம் வரும், அவ்வளவுதான், விரலால் அழுத்திப் பிடித்தாலே நொறுங்கும். பசை சேர்த்தால் இரண்டு துகள் தொடும் இடத்தில் ஒரு சின்னக் கழுத்து மாதிரி அது ஒட்டி நிற்கிறது. பில்லையை உடைக்க வேண்டுமானால் அந்தக் கழுத்துகளை எல்லாம் அறுத்தாக வேண்டும். துகள் நுணுக்கமாக ஆக ஆகத் தொடும் இடங்கள் கூடும், பலமும் கூடும். துகள்கள் நெருங்கி நின்றாலும் அப்படித்தான்.

சரி, அப்படியென்றால் பசையைக் கூட்டினால் என்ன? ஓர் அளவு வரைக்கும் சரிதான், பலம் வேகமாக ஏறும். அதற்குப் பிறகு பசை போய் உட்காரும் இடம் கழுத்து இல்லை, துகளுக்கும் துகளுக்கும் இடையில் இருக்கும் காலி இடம். கணக்கு போட்டுப் பாருங்கள். 100 கிராம் அலுமினா உண்மையில் பிடிக்கும் இடம் சுமார் 25 கன செ.மீ. தான், ஏனென்றால் அதன் அடர்த்தி கிட்டத்தட்ட 4. பாலிவினைல் ஆல்கஹாலின் அடர்த்தி 1.3-க்குப் பக்கம். ஆக 3 கிராம் பசை 2.3 கன செ.மீ.க்கு மேல் பிடிக்கிறது. எடையில் 3 சதவீதம் என்று சின்னதாகத் தெரிவது இடத்தில் 9 சதவீதம். துகள்கள் நெருங்க வேண்டிய இடத்தில் ரப்பர் மாதிரி ஒரு பொருள் போய் நிற்கிறது, அழுத்தம் எடுத்ததும் அது திரும்பி விரிகிறது, டை வாயைத் தாண்டும் நேரத்தில் வெளியே வந்த பாகம் விரிந்து உள்ளே இருக்கும் பாகம் விரியாமல் நிற்கிறது, அந்தக் கோட்டில்தான் மேல்தட்டு கழல்கிறது. தம்பி பசையைக் கூட்டியதால் வந்த வினை இது. அப்புறம் சூளையிலும் அத்தனை பசையும் எரிந்து புகையாக வெளியேற வேண்டும், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எந்தப் பசை

அழுத்தும் வேலைக்கு என் கை முதலில் போவது பாலிவினைல் ஆல்கஹால். ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடுகிறேன். தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசையையும் கடையில் பிவிஏ என்றுதான் சொல்வார்கள். அது பாலிவினைல் அசிடேட், வேறு பொருள். அதைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினாலும் ஒட்டும், ஆனால் ஒரு தடவை காய்ந்துவிட்டால் திரும்பத் தண்ணீரில் கரையாது, உடைந்த பில்லையைக் கரைத்து மறுபடி பவுடராக்க முடியாமல் போகும். நமக்கு வேண்டியது தூளாகவோ குருணையாகவோ வரும் ஆல்கஹால் வகை, அதிலும் 87 முதல் 89 சதவீதம் ஹைட்ரோலைஸ் ஆன, அதாவது அசிடேட் அந்த அளவுக்கு ஆல்கஹாலாக மாறிய வகை. முழுக்க ஹைட்ரோலைஸ் ஆனதைக் கரைக்க 90 டிகிரிக்கு மேல் காய்ச்சிக்கொண்டே இருக்க வேண்டும், தேவையில்லாத பாடு.

கரைக்கும் விதம் உப்புமாவுக்கு ரவை போடுவதற்கு நேர் எதிர். சுடுதண்ணீரில் கொட்டினால் வெளியே வழவழப்பும் உள்ளே உலர்ந்த தூளுமாகக் கட்டி தட்டிவிடும். பச்சைத் தண்ணீரில் கிண்டிக்கொண்டே தூவுங்கள், எல்லாம் நனைந்த பிறகு பாத்திரத்தைக் கொதிதண்ணீருக்குள் வைத்து 85, 90 டிகிரிக்குக் கொண்டுபோய் முக்கால் மணி நேரம் மெதுவாகக் கிண்டுங்கள். கண்ணாடி மாதிரித் தெளிய வேண்டும். ஆவியாகப் போன தண்ணீரை எடை பார்த்துத் திரும்பச் சேர்த்து, மெல்லிய துணியில் வடிகட்டி வையுங்கள். 900 கிராம் தண்ணீருக்கு 100 கிராம் தூள் என்றால் பத்து சதவீதக் கரைசல். நம்ம ஊர் வெக்கையில் ஒரு வாரத்துக்கு மேல் வைத்தால் பூஞ்சை பிடிக்கும், வேண்டிய அளவு மட்டும் காய்ச்சுங்கள்.

இதோடு இளக்கிக்கு, அதாவது பசையை இளகவைக்கும் பொருளுக்கு, பாலிஎத்திலீன் கிளைக்கால் 400, திரவமாகவே வரும். பசை எடையில் நாலில் ஒரு பங்கு போதும். இது பசையின் சொந்த பலத்தைக் கொஞ்சம் குறைக்கும், ஆனால் அழுத்தும்போது பசை கலந்த பவுடர்க் குருணைகள் நசுங்கி ஒன்றோடொன்று கலக்க உதவும், அதனால் மொத்தத்தில் லாபம். எனக்கு முதலில் இது நம்ப முடியாமல்தான் இருந்தது, பலத்தைக் குறைக்கும் பொருளைச் சேர்த்தால் பலம் எப்படிக் கூடும் என்று. உடைத்துப் பார்த்த பிறகுதான் நம்பினேன்.

பாசியில் வந்த பசையைப் பற்றி இந்தக் கரையில் இருந்துகொண்டு சொல்லாமல் போக முடியாது. பாம்பன், சின்னப்பாலம் பெண்கள் முங்கி எடுக்கும் கட்டக்கோரைப் பாசியிலிருந்து ஆல்ஜினேட் வருகிறது, மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் அகர் என்னும் கூழ்ப்பொருளுக்குப் போகின்றன. சோடியம் ஆல்ஜினேட் நல்ல பசை, கொஞ்சமாகப் போட்டாலே பிடிக்கும், அரை சதவீதத்துக்குள் வேலை முடிந்துவிடும். இரண்டு சங்கடம் உண்டு. இரண்டு சதவீதக் கரைசலே கூழ் மாதிரிக் கெட்டியாகிவிடும், அதனால் கொஞ்சம் பசைக்கு நிறையத் தண்ணீர் சேர்க்க நேரும், பவுடர் குழம்பாகி ரொம்ப நேரம் காய வேண்டியிருக்கும். இன்னொன்று, சுண்ணாம்புச் சத்து பட்டால் உடனே உறைந்துவிடும். மண்டபம் பக்கக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினீர்கள் என்றால் சங்கும் பவளமும் கரைந்த சுண்ணாம்பு அதில் இருக்கிறது, கரைசல் கட்டி கட்டியாகத் திரிந்து நிற்கும். மின்சாரத்தைத் தடுக்க வேண்டிய பில்லைக்கு அதிலிருக்கும் சோடியமும் ஆகாது. விளக்கு, வலைக்குண்டு, அலங்காரப் பொருள் அழுத்துகிறவர்கள் தாராளமாக முயற்சி செய்யலாம், எனக்கு அந்தப் பசைமேல் தனிப் பிரியம் உண்டு.

கருப்பட்டிப் பாகு? கேட்பார்கள் என்று தெரியும். பழைய வீட்டுச் சுண்ணாம்புச் சாந்தில் கடுக்காயோடு கருப்பட்டி சேர்த்த ஊர் இது. சர்க்கரை காய்ந்தால் கண்ணாடி மாதிரி விறைக்கும், உண்மைதான், ஆனால் ஈரமான கொண்டல் காற்று திரும்பிய அன்றைக்குத் தட்டில் அடுக்கிய பில்லை எல்லாம் பிசுபிசுக்கும். நான் செய்து பார்த்துவிட்டேன், வேண்டாம். அரிசிக் கஞ்சி, மைதாப் பசை எல்லாம் அவசரத்துக்கு ஆகும், இரண்டாம் நாள் புளித்துவிடும். கருவேலம் பிசின் பலம் தரும், ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி வரும், இன்றைக்குச் சோதித்த அளவு நாளைக்குப் பொருந்தாது.

தண்ணீர்

பசை வாங்கும் காசில் பாதியைத் தண்ணீருக்கு ஒதுக்கினாலும் தப்பில்லை. நம் கிணற்றிலும் போரிலும் வருவது உப்புத் தண்ணீர். உப்பு துகள்களைத் திரளவைத்துக் குழம்பைக் கெடுக்கும், காய்ந்த பிறகு காற்றின் ஈரத்தை இழுக்கும், சுட்ட பிறகு வெள்ளையாகப் பூக்கும். பாலிவினைல் ஆல்கஹாலுக்கே சல்ஃபேட் உப்பு அதிகமானால் கரைசலிலிருந்து பிரிந்து நார் நாராகத் திரளும் குணம் உண்டு. பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர், இல்லையென்றால் ஓட்டில் முதல் மழை கழுவிய பிறகு பிடித்த மழைத்தண்ணீர். காவிரித் தண்ணீர் வரும் குழாயில் பிடித்தும் செய்திருக்கிறேன், பரவாயில்லை, ஆனால் மின்சார வேலைக்கான பொருளென்றால் பேட்டரித் தண்ணீர்தான். பவுடரில் வெண்காரம் (போராக்ஸ்) கலந்த எதுவும் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், அது பட்டால் இந்தப் பசை சளி மாதிரி உறைந்துவிடும்.

புட்டு மாவுப் பதம்

ஒரு கிலோ காய்ந்த அலுமினாவுக்கு ஒன்றரை சதவீதம் என்றால் 15 கிராம் பசை, அதாவது பத்து சதவீதக் கரைசலில் 150 கிராம், அதோடு இளக்கி 4 கிராம். முகமூடி போட்டுக்கொள்ளுங்கள், நுண்தூள் நெஞ்சுக்கு ஆகாது, பட்டறையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். கரைசலைச் சிறுகச் சிறுக ஊற்றிப் பிசறுங்கள். வேண்டியது புட்டு மாவுப் பதம்: கையில் பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். ரொம்ப நுணுக்கமான அலுமினா என்றால் இந்த ஈரத்திலும் தூளாகவே நிற்கும், அப்போது தண்ணீரைத்தான் சேர்க்க வேண்டும், பசையை இல்லை.

இந்தப் பதத்திலேயே 20 மெஷ், அதாவது அங்குலத்துக்கு 20 கண் உள்ள சல்லடையில் தேய்த்து இறக்குங்கள். இப்போது காய வைக்கும் இடம்தான் பலர் கோட்டை விடும் இடம். வெயில் சும்மாதானே கிடக்கிறது என்று மாடியில் தார்ப்பாய் விரித்துப் போடுவோம். மேல்பக்கம் சீக்கிரம் காயும், அடியிலிருக்கும் தண்ணீர் மேலே ஏறும், பசையையும் கூடவே தூக்கிக்கொண்டு வரும், நம் வீட்டுச் சுவரில் உப்புப் பூக்கிறதே அதே மாதிரி. மேலே இருக்கும் குருணை பசை தோய்ந்து கல்லாகும், அடியில் இருப்பதில் பசையே இருக்காது. இரண்டையும் கலந்து அழுத்தினால் பில்லைக்குள்ளேயே கெட்டியும் பொலபொலப்புமாக இரண்டு ஊர் இருக்கும். நிழலில், விரல் கனத்துக்கு மேல் போகாமல் பரப்பி, கால் மணிக்கு ஒரு தடவை கையால் துழாவிவிட்டுக் காய வையுங்கள். தொட்டால் ஈரம் தெரியாத நிலை வந்ததும் 40 மெஷ்ஷில் சலியுங்கள். 100 மெஷ்ஷில் விழும் தூளைத் தனியாக எடுத்து அடுத்த பிசறலில் சேருங்கள், டைக்குள் தூள் அதிகம் இருந்தால் காற்று வெளியேற வழியில்லாமல் மாட்டிக்கொள்ளும்.

உப்புப் பெட்டி

இப்போதுதான் தம்பியின் கேள்விக்கு நேராக வருகிறேன். நன்றாகக் காய்ந்த பாலிவினைல் ஆல்கஹால் 80 டிகிரிக்குப் பக்கம் போனால்தான் இளகும். அறை வெப்பத்தில் அது கண்ணாடி மாதிரி விறைப்பு. அந்த நிலையில் குருணையை டையில் போட்டு அழுத்தினால் குருணை நசுங்காது, கூழாங்கல் மாதிரி ஒன்றின்மேல் ஒன்று உட்காரும், இடையில் பெரிய சந்து நிற்கும். அந்தச் சந்து சுட்ட பிறகும் போகாது. ஆனால் தண்ணீரே இந்தப் பசைக்கு நல்ல இளக்கி. காற்றிலிருந்து கொஞ்சம் ஈரம் உறிஞ்சினாலே பசை இளகும் வெப்பநிலை அறை வெப்பம் வரைக்கும் இறங்கி வந்துவிடும். அதனால்தான் விடிகாலையில் அழுத்திய பில்லையும் மத்தியானம் அழுத்திய பில்லையும் ஒரே பவுடரில் வேறு வேறு பலத்தில் வருகின்றன. கச்சானில் குருணை கல்லாகிறது, ஐப்பசி கார்த்திகை மழையில் அதே குருணை பஞ்ச்சில், அதாவது டைக்குள் இறங்கி அழுத்தும் இரும்பில், ஒட்டிக்கொண்டு வருகிறது.

இதற்கு மெஷின் வேண்டாம், மீன் ஏற்றும் தெர்மாகோல் ஐஸ் பெட்டி ஒன்று போதும். நன்றாகக் கழுவிக் காயவைத்து, அடியில் ஒரு அகலமான கிண்ணத்தில் கல் உப்பைப் போட்டு, ஈர மணல் மாதிரி ஆகும் வரை தண்ணீர் ஊற்றுங்கள். உப்பு கொஞ்சம் கரைந்து, மீதி கரையாமல் கண்ணுக்குத் தெரிய வேண்டும். கரையாத உப்பு இருக்கும்வரை மூடிய பெட்டிக்குள் காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும். அதுவும் இரண்டு பக்கமும் வேலை செய்யும்: வெளியே வறண்டிருந்தால் கிண்ணம் ஈரத்தைக் கொடுக்கும், வெளியே அடைமழையாக இருந்தால் அதிக ஈரத்தைக் கிண்ணம் வாங்கிக்கொள்ளும். வாலிநோக்கத்திலிருந்து வரும் உப்பே போதும், ஆனால் கொஞ்சம் தண்ணீரில் ஒரு தடவை அலசிக் கொட்டிவிடுங்கள், கூட ஒட்டியிருக்கும் மெக்னீசிய உப்பு ஈரப்பதத்தைக் கீழே இழுத்துவிடும். கிண்ணத்துக்கு மேலே ஒரு பலகையைக் குறுக்கே வைத்து, அதன்மேல் தட்டில் குருணையை மெல்லிசாகப் பரப்பி, மூடியை டேப் போட்டு ஒட்டி, ஒரு இரவும் ஒரு பகலும் விடுங்கள். உப்பு எக்காரணம் கொண்டும் குருணையில் படக் கூடாது. எடுத்ததும் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து, அன்றைக்கே அழுத்துங்கள்.

75 சதவீத ஈரப்பதத்திலும் பஞ்ச்சில் ஒட்டினால் இளக்கியைக் குறையுங்கள், உப்பை மாற்ற வேண்டாம்.

அழுத்துவதும் உடைப்பதும்

பேச்சை நம்ப வேண்டாம், நீங்களே உடைத்துப் பாருங்கள். 50 மி.மீ. நீளம், 10 மி.மீ. அகலத்தில் ஒரு பட்டைக்கு டை செய்துகொள்ளுங்கள், லேத் பட்டறையில் சொன்னால் முடித்துத் தருவார்கள். அலுமினா 7 கிராம் போட்டால் கிட்டத்தட்ட 6 மி.மீ. கனம் வரும். அந்தப் பரப்புக்கு இரண்டரை டன் கொடுத்தால் 50 மெகாபாஸ்கல் (ஒரு சதுர மி.மீ.க்கு 50 நியூட்டன் அழுத்தம்), கேஜ் வைத்த சின்ன பிரஸ்ஸே தாங்கும். டைச் சுவருக்கு ஸ்டியரிக் அமிலத்தை ஸ்பிரிட்டில் கரைத்து லேசாகத் துடையுங்கள், மெழுகுவத்தி போடுகிறவர்களிடம் கிடைக்கும். சிலர் இந்த வழுக்குப் பொருளைப் பவுடரிலேயே கலப்பார்கள், அளவு கொஞ்சம் மீறினாலும் துகளுக்கும் பசைக்கும் நடுவில் போய் உட்கார்ந்து பலத்தைத் தின்றுவிடும். மெதுவாக இறக்குங்கள், பாதியில் ஒரு தடவை தளர்த்திக் காற்றை விட்டு, மறுபடி அழுத்துங்கள். வெளியே தள்ளும்போது மேல் பஞ்ச்சை முழுக்க எடுத்துவிடாமல் அதன் கனம் பில்லைமேல் இருக்கட்டும். வேலை முடிந்ததும் டையில் எண்ணெய் தடவ மறந்தால் மறுநாள் துருதான், உப்புக் காற்று யாருக்கும் பொறுக்காது.

ஒவ்வொரு கலவைக்கும் இருபது பட்டை. பத்தை அப்படியே உடையுங்கள், பத்தை 100 டிகிரியில் இரண்டு மணி நேரம் காயவைத்து, ஆறியதும் உடையுங்கள். காய்ந்த பட்டை கெட்டியாக நிற்க வேண்டும், அங்கே பசை தன் விறைப்புக்குத் திரும்பியிருக்கும். 110 டிகிரிக்கு மேல் போக வேண்டாம்.

உடைக்கும் சாதனம் இப்படி. ஒரு மேசை ஓரத்தில் இரண்டு உருண்டைக் கம்பிகளை 40 மி.மீ. இடைவெளியில் பதியுங்கள், நடுவில் கீழே ஓட்டை இருக்கட்டும். பட்டையை மேலே வைத்து, நட்டநடுவில் குறுக்கே மூன்றாவது கம்பி, அதன் இரண்டு முனையிலிருந்தும் நரம்புக் கயிறு கீழே இறங்கி ஒரு சின்ன வாளியைத் தாங்கட்டும், தூண்டில் நரம்பே போதும். வாளிக்குள் புனல் வழியாகக் காய்ந்த மணலை ஒரே சீராக விடுங்கள். கடற்கரை மணலே நன்றாக ஓடும், பவுடரில் படப்போவதில்லை. பட்டை உடைந்து வாளி விழுந்த கணமே புனலை அடைத்துவிட்டு, வாளி, மணல், கயிறு, கம்பி எல்லாவற்றையும் சேர்த்து எடை போடுங்கள்.

கணக்கு: சுமையை நியூட்டனில் எடுத்து, மூன்றால் பெருக்கி, இடைவெளியால் பெருக்கி, அதை அகலத்தின் இரண்டு மடங்கையும் கனத்தின் வர்க்கத்தையும் பெருக்கிய தொகையால் வகுங்கள். மேலே சொன்ன அளவுக்கு இது அழகாகச் சுருங்கிவிடும்: 6 நியூட்டன், அதாவது 612 கிராமில் உடைந்தால் சரியாக ஒரு மெகாபாஸ்கல். கனத்தை மட்டும் ஒவ்வொரு பட்டைக்கும் வெர்னியரில் அளந்தே தீர வேண்டும், அது வர்க்கமாக வருவதால் 6-க்குப் பதில் ஐந்தரை என்றிருந்தாலே தாங்கும் சுமை ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடும், பசைமேல் பழி விழும்.

பசை இல்லாமல் அழுத்திய பட்டை ஒரு மெகாபாஸ்கலுக்கு ரொம்பக் கீழேயே உடைந்துவிடும், சில நேரம் வெறும் வாளியைத் தொங்கவிட்டதுமே. நல்ல பதத்தில் ஒன்றரை சதவீதம் போட்டது ஒன்றைத் தாண்டி நிற்க வேண்டும். கையால் எடுத்து அடுக்க அது போதும், சுடுவதற்கு முன்னே துளை போட, கடைய வேண்டும் என்றால் இன்னும் வேண்டும். பத்தின் சராசரியோடு நிறுத்தாமல் பத்தில் மிகக் குறைந்ததையும் எழுதி வையுங்கள். பட்டறையில் உடைவது சராசரிப் பில்லை இல்லை, அந்தக் கடைசிப் பில்லைதான்.

எடையைவிட எனக்கு அதிகம் சொல்வது உடைந்த முகம். பட்டையின் இரண்டு துண்டையும் ஜன்னல் ஓரம் கொண்டுபோய், சாய்வு வெளிச்சத்தில் ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள். தம்பி கீழக்கரையிலிருந்து அனுப்பிய துண்டுகள் இப்போது என் மேசையில் இருக்கின்றன. வெயிலில் காய்ந்த பவுடரில் அழுத்தியதன் முகம் ஜவ்வரிசியைக் கொட்டி வைத்த மாதிரி இருக்கிறது, ஒவ்வொரு குருணையும் தன் உருண்டையோடு அப்படியே தெரிகிறது, ஓரத்தில் நகத்தால் கீறினால் குருணை குருணையாகக் கழல்கிறது. உடைப்பு குருணைக்குள்ளே போகவே இல்லை, சுற்றிக்கொண்டு போயிருக்கிறது. ஆக உள்ளே இருந்த 3 சதவீதப் பசைக்கு வேலையே வரவில்லை. பக்கத்தில், அதே அலுமினாவில் ஒன்றரை சதவீதம் போட்டு, உப்புப் பெட்டியில் ஒரு நாள் வைத்து நான் அழுத்தியதன் முகம் சாக்பீஸ் உடைந்த மாதிரி மங்கலாக, சமமாக இருக்கிறது, எது எந்தக் குருணை என்று தெரியவில்லை. நகம் கோடு போடுகிறது, உதிரவில்லை.

முகத்தில் தட்டுத்தட்டாக ஓலைக் கட்டு மாதிரித் தெரிந்தால் காற்று மாட்டியிருக்கிறது, இல்லையென்றால் அழுத்தம் அதிகம். அப்போது அழுத்தத்தைக் குறையுங்கள். மேலும் கீழும் கெட்டியாக, நடுவில் பொலபொலவென்று இருந்தால் பில்லை உயரம் அகலத்துக்கு மீறிப்போகிறது, சுவர் உராய்வு அழுத்தத்தை நடுவுக்கு விடவில்லை, இரண்டு பக்கமும் அழுத்தும் டைதான் வழி. இந்த இரண்டும் பசையால் தீரும் வியாதி இல்லை.

அளவைத் தேடும்போது 100 கிராம் கலவையாகப் போட்டு அரை, ஒன்று, ஒன்றரை, இரண்டு சதவீதம் என்று நாலு கலவை செய்தால் போதும், நகைத் தராசு மாதிரிச் சின்ன டிஜிட்டல் தராசு அரை கிராமைக் காட்டும். 100 கிராமில் பதினாலு பட்டைதான் வரும், ஏழும் ஏழுமாகப் பிரித்து உடையுங்கள், பிடித்த அளவை மட்டும் பிறகு இருபது பட்டை வைத்து உறுதி செய்துகொள்ளலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பசையையும் மாற்றி, இளக்கியையும் மாற்றி, அழுத்தத்தையும் கூட்டி, ஒரு நாள் முழுக்க உழைத்துவிட்டு எதனால் சரியானது என்று தெரியாமல் நான் உட்கார்ந்திருக்கிறேன், அந்த அலுப்பு உங்களுக்கு வேண்டாம். பலம் ஏறுவது தளரும் இடத்துக்கு ஒரு படி கீழே இருக்கும் அளவை எடுத்துக்கொள்ளுங்கள்.

சூளையில்

பசை 200 டிகிரிக்கு மேல் சிதைய ஆரம்பித்து 500-க்குள் போய்விடும். இந்த நீளத்தை அவசரமில்லாமல் கடக்க வேண்டும், நிமிஷத்துக்கு ஒரு டிகிரி, கனமான பில்லைக்கு அதிலும் பாதி. சூளைக் கதவை ஒரு விரல் திறந்து வையுங்கள், காற்று போகாவிட்டால் உள்ளே கரி தங்கி நடு கறுத்துவிடும். வேகமாக ஏற்றினால் புகை வெளியேற வழி தேடிப் பில்லையைப் பிளந்துகொண்டு வரும், 3 சதவீதம் போட்டவர்களுக்கு இந்த ஆபத்து இரண்டு மடங்கு. பசை போய், அலுமினா இன்னும் ஒட்டாமல் இருக்கும் அந்த 500, 600 டிகிரியில் பில்லை எப்போதையும்விடப் பலவீனமாக இருக்கும். அந்த நேரத்தில் கரண்ட் போய்விட்டால் தட்டை அசைக்காதீர்கள், எடுத்துப் பார்க்காதீர்கள், கதவை மூடிவிட்டு, கரண்ட் வந்ததும் விட்ட இடத்திலிருந்து மெதுவாக ஏற்றுங்கள்.